கள்ள சுவிட்ச்

ஏரிக்கரைத் தெருவிலேயே வண்டி என்று இருந்தது குப்புராஜின் பழைய ஜீப் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் இரவல் கேட்டே அவர் உயிரை எடுத்தார்கள். கடைசியில், வீட்டு விளக்கு சுவிட்ச் ஒன்றைக் கழற்றி, ஜீப்பின் ஒயர் நடுவே கோர்த்து, எங்கோ ஒளித்துவைத்தார்.

"இனிமே நான் இல்லாம எவனும் ஸ்டார்ட் பண்ண முடியாது" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இன்று காலை அவர் மச்சான் அரிகிருஷ்ணன் சாவியைத் திருகித் திருகி ஓய்ந்தான். பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டான். பேட்டரி முனையைச் சுரண்டினான். தள்ளியும் பார்த்தான்.

"அந்த சுவிட்சு எங்க கீதுக்கா?"

"எனக்கே சொல்லலடா. சொன்னா உங்கிட்ட சொல்லிடுவனாம்" என்றாள் குப்புராஜின் மனைவி பொன்னியம்மாள்.

பால் வாங்கிக்கொண்டு வந்த எதிர்வீட்டு சுந்தரராமன் நின்றார். "ஏம்மா இவ்ளோ சிரமம்? அவரையே கேட்டுடலாமே?"

பொன்னியம்மாள் ஜீப்பின் பின்பக்கப் படுதாவைத் தூக்கினாள்.

"கேளுங்க சார்."

விடியற்காலையில் கையும் காலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட குப்புராஜ், ஆஸ்பத்திரிக்குப் போக உள்ளே பாயில் கிடந்தார். மூவரையும் பார்த்தார். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

எச்சில்தான் வழிந்தது.