பிம் எழுதிய புகார்கள்

“வாங்க, வாங்க! ஸ்டேஷனை மூடுறதை முன்வரிசையில உக்காந்து பாக்கணுமாக்கும்?”

சர்ச் ஹாலுக்குள் நுழைந்த ஆர்தர் பிம்மைப் பார்த்து பிளம்பர் டெரிக் ஊரே கேட்கக் கேட்டான்.

பிம் மனைவி ஐவியோடு போய் உட்கார்ந்தார்.

எல்ம்பரி ஸ்டேஷனுக்கு எதிரேயே அவர் வீடு. சத்தம் தாங்க முடியவில்லை என்று வாராவாரம் ரயில்வேக்குப் புகார் எழுதுவார். மூன்று வருஷமாக ஊரில் ஒருவரும் அவரை ஒரு டீக்குக்கூடக் கூப்பிட்டதில்லை.

ஸ்டேஷனை மூடலாமா என்று விசாரிக்க வந்திருந்த ரயில்வே அதிகாரி அம்மாள் எழுந்தார்.

“இந்த ஸ்டேஷன்ல ஒரு நாளைக்கு விக்கிறது பதினோரு டிக்கெட். இதுக்காக ரயில் நிக்கணுமா?”

“எல்லாரும் டவுன்லயே சீசன் டிக்கெட் எடுத்துடறாங்க மேடம்!” டிக்கெட் கவுண்டர் கிளெனிஸ் துடித்துப்போய் எழுந்தாள். “தினமும் நூறு பேருக்கு மேல ஏறுறாங்க. நான் கண்ணால பாக்கறேன்!”

“எழுத்துல ஆதாரம் இருக்கா?”

கிளெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்ககிட்ட இல்லை. எங்ககிட்ட இருக்கு.” அதிகாரி தடித்த ஃபைல் ஒன்றைத் திறந்தார். “மிஸ்டர் பிம்மோட புகார்கள். ‘திங்கள் காலை 7.12. முப்பத்தொரு பேர் தடதடவென்று ஏறினார்கள். என் தூக்கம் போச்சு. 7.48. நாற்பது பேர். அதில் ஒருவர் விசிலடித்தார்.’ மூணு வருஷமா, ஒரு நாள் கணக்குகூட விடாம! எங்க ஆளுங்க ரெண்டு வாரம் நின்னு எண்ணிப் பாத்தாங்க. அச்சு அசலா இதே கணக்கு. ஸ்டேஷனை மூடப் போறதில்லை!”

கைதட்டலில் ஹாலின் கூரை பிய்ந்துகொண்டு போனது. கிளெனிஸ் பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்து அழுதாள்.

டெரிக் சிரித்துக்கொண்டே பிம்மிடம் வந்தான்.

“பெரியவரே, ஒழிச்சுக்கட்டணும்னு எழுதி எழுதி நீங்களே காப்பாத்திட்டீங்களே! இனிமே ஜென்மத்துக்கும் உங்களுக்குத் தூக்கம் கிடையாது!”

பிம் லேசாகச் சிரித்தார். ஐவிக்குத்தான் பொறுக்கவில்லை.

“தூக்கமா? காதுக் கருவியைக் கழட்டிட்டா வீட்டுக்குள்ளயே ரயில் வந்தாலும் இவருக்குக் கேக்காதுப்பா! பக்கத்து ஊர் ஸ்டேஷனை மூடினாங்கல்ல, அடுத்தது நம்மதுதான்னு அன்னிலேர்ந்து என்னை எழுப்பிவிடச் சொல்லி, ஜன்னல்ல நின்னு எண்ணினவர் இவர். ‘நன்றி’ன்னு எழுதினா யாருப்பா எடுத்து வைக்கிறா? புகார்னாத்தானே ஃபைல்ல ஏறும்!”