தேர் முதலில் நிற்கும் வீடு

ஞா. தேவசிகாமணி, வயது எழுபத்தொன்று, நாகலூர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர், அந்தோணியார் கோயில் பவள விழாக் குழுவின் தலைவர். திருவிழாவன்று தேரை முதலில் தொட்டு நகர்த்தும் உரிமை அவருடையது. கோயிலின் வரலாற்றைக் கல்வெட்டுக்கு எழுதித் தரும் பொறுப்பும் அவருடையதே.

அவர் மனைவி இன்பமேரி காப்பி கொண்டுவந்தபோது, வாசலில் எஸ்டேட் தொழிலாளி காளியண்ணன் நின்றிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, வருசா வருசம் தேரு மொதல்ல எங்க ஊட்டு முன்னாலதான் நிக்குது. நாங்களும் உப்பு மிளகு போட்டுக் கும்புடறோம். எங்க தாத்தன் சின்னன் கோயிலுக்கு என்னமோ பெருசாச் செஞ்சிருக்கோணும். அதைக் கல்லுல ஒரு வரி போடுங்க. புள்ளையப் பொண்ணு பாக்க வராங்க."

"முடியாது காளியண்ணா. தெரியாததைக் கல்லுல வெட்ட முடியாது."

"உங்க தாத்தா கோயில் கட்ட மரம் குடுத்தது மட்டும் தெரியுதுங்களாக்கும்? எங்க சாமி மாரியாத்தா. அதனாலதானுங்களே?"

தேவசிகாமணி காப்பியை ஆற்றினார். காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

இன்பமேரிக்கு மனம் ஆறவில்லை. "அத்தனை பெரிய கல்லுல அந்த மனுசன் தாத்தனுக்கு ஒரு வரி எடமில்லீங்களா? ரைட்டரு தன் தாத்தனுக்குச் சிலை வெக்காததுதான் குறைன்னு குழாயடியில பேசறாங்க."

"பேசட்டும்."

திருவிழாக் காலையில் கல்வெட்டைத் திறந்தார்கள். 'இக்கோயில் ஊரார் எழுப்பியது, 1909.' அவ்வளவே. மரம் கொடுத்தவரின் பெயரும் இல்லை.

காளியண்ணன் முகம் தெளிந்தது. "உங்க தாத்தாவையும் எடுத்துட்டீங்களா? அப்பச் சரிங்க."

அவர் போனதும் இன்பமேரி கணவரை ஓரமாய் அழைத்துப் போனாள். "ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமுங்களே?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னே இங்கே இருந்தது கூரைக் கோயில். குடிவெறியில அதுக்குத் தீ வெச்சது சின்னன். ஊரே அவரை மலைய விட்டுத் தொரத்த நின்னுது. அப்போ இருந்த பங்குச் சாமியார், தேரைக் கொண்டுபோய் அவரு ஊட்டு முன்னால நிறுத்தினாரு. 'இனி இந்தப் பேச்சை எடுக்கறவன் தேரைத் தொடக் கூடாது'ன்னாரு. பேசாமலே எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. கல்வெட்டுக்காக அந்தச் சாமியாரோட பழைய குறிப்பேட்டைப் படிச்சதுல, தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். இப்ப நீ."

அன்று மாலையும் தேர் முதலில் காளியண்ணன் வீட்டு முன்தான் நின்றது. அதைத் தொட்டு நகர்த்த வேண்டிய தேவசிகாமணி மட்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தார். ஏனென்று இன்பமேரி ஒருத்திக்குத்தான் தெரியும். அன்று 1984 ஜூன் 13, புதன்கிழமை.