தாமதக் கட்டணம் முப்பது பவுண்ட்

புதன்கிழமைக்குள் கட்டினால் எழுபது பவுண்ட். சனிக்கிழமை காலை மண்டப வாசலில் வந்து கட்டினால் நூறு. இதை மூன்று மாதமாகத் தமிழிலும் இங்கிலீசிலும் எழுதி எழுதி சுஜீத்தின் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

புதன் மாலை பட்டியலைப் பார்த்தான். எண்பத்தொரு பேர்தான்.

லண்டன் கிங்ஸ்பரியில் ஐந்து வருஷமாக ஓப்பன் செஸ் போட்டி நடத்துகிறவன் சுஜீத். முதல் பரிசு மூவாயிரம் பவுண்ட், எத்தனை பேர் வந்தாலும் அது குறையாது என்று அறிவித்திருந்தான். அதை நம்பித்தான் மூன்று கிராண்ட்மாஸ்டர்கள் விமான டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

இந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெயிக்கப் போகிற கிராண்ட்மாஸ்டர் கட்டணம் கட்டுவதில்லை. தோற்கப் போகிறவர்கள்தான் கட்டுகிறார்கள். கடைசி மேசைகளில் இருக்கும் பிள்ளைகளும் பென்சன் எடுத்த அப்பாக்களும் கட்டுகிற காசில்தான் முதல் மேசை ஓடுகிறது. போதாததை ஸ்பான்சர் தாங்குவார்.

அந்த ஸ்பான்சர் இந்த வருஷம் ஜனவரியிலேயே நைசாகக் கழன்றுகொண்டார்.

செய்தி பரவியதும் நாலைந்து பெற்றோர் காசு என்வலப்போடு வந்தார்கள். சுஜீத் ஒன்றையும் தொடவில்லை. "இது போட்டி. விளையாடுறவை பீஸ் கட்டினாப் போதும். நான் உண்டியல் குலுக்க வரேல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டான். ரோஷக்காரன், என்ன செய்வது.

மண்டபம், நடுவர்கள், பரிசு எல்லாம் சேர்த்துச் செலவு பன்னிரண்டாயிரம். எண்பத்தொரு பேரை வைத்துப் பார்த்தால் ஆறாயிரத்துக்கு மேல் துண்டு விழும். அதை வீடு வாங்கச் சேர்த்த காசிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பரிசைப் பாதியாகக் குறைக்கலாமே என்று மனைவி மேனுஷா கேட்டாள்.

"சொன்ன பரிசைக் குறைச்சா, இனி ஒருத்தரும் எங்களை நம்பி வரமாட்டினம்."

"அப்ப இதுதான் கடைசி வருசம், சுஜீத். இதுக்கு மேல என்னால ஏலாது."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சுஜீத் தலையாட்டினான். சனிக்கிழமை தொடக்க உரையிலேயே அதை அறிவித்துவிடுவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அன்றிரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மண்டப வாசலில் நின்ற வரிசை பஸ் தரிப்பிடம் வரை நீண்டிருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது கோபம். இவ்வளவு பேரும் புதன்கிழமை எங்கே போயிருந்தார்கள்? கடைசி நிமிஷத்தில் வருவதற்கென்றே பிறந்த சனம் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான்.

முன்னால் நின்றது மேரிசாந்தி. முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்து, தோர்ண்டன் ஹீத்திலிருந்து மகள் கம்சிகாவைக் கூட்டிக்கொண்டு ரயில் மாறி ரயில் மாறி வந்திருந்தார். பாவம், மொத்தக் கோபமும் அவர் தலையில் இறங்கியது.

"அக்கா, மூண்டு மாசம் திறந்து கிடந்தது. ஆக்கள் இல்லையெண்டு நான் ரெண்டு கிழமை நித்திரை கொள்ளேல்லை. உங்களுக்கும் முப்பது பவுண்ட் வீண் நட்டம். இது கூடவா விளங்கேல்லை?"

வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான்.

"பிந்திப் போச்சு தம்பி. குறை நினையாதையும்" என்று சொல்லி, மேரிசாந்தி மெஷினில் கார்டைத் தட்டினார்.

அடுத்து நின்றவர் ரெய்னர்ஸ் லேன் குருமூர்த்தி. வங்கியில் பெரிய வேலை. அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கும் மறந்தே போய்விட்டதாம். சுஜீத் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நூறு பவுண்டை வாங்கிப் போட்டான்.

முதல் சுற்று நாற்பது நிமிஷம் பிந்தித் தொடங்கியது. அந்த அவசரத்தில் தொடக்க உரையே நடக்கவில்லை.

மண்டபம் அமைதியான பிறகு சுஜீத் ஓரமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தான். வாசலில் சேர்ந்தவர்கள் எழுபது பேர். செலவெல்லாம் போக அறுநூற்றெழுபது பவுண்ட் மிச்சம். நம்ப முடியாமல் இன்னொரு தடவை கூட்டினான். அதே தொகைதான் வந்தது.

எல்லோரும் நேரத்துக்குக் கட்டியிருந்தால் ஆயிரத்துச் சொச்சம் கையைக் கடித்திருக்கும். போட்டியைக் காப்பாற்றியதே தாமதக் கட்டணம்தான். நம்முடைய ஆட்களின் சோம்பேறித்தனத்துக்கும் ஒரு பெறுமதி உண்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். அடுத்த வருஷத்துக்கும் மண்டபத்தைப் பதிவு செய்யலாம் என்று மேனுஷாவுக்கு மெசேஜ் போட்டான்.

மனம் ஆறியதும் மேரிசாந்தியின் முகம் நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் வேலை செய்துவிட்டு வந்த மனுஷியை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். வெட்கமாக இருந்தது. பர்ஸிலிருந்து முப்பது பவுண்டை எடுத்துக்கொண்டு தேநீர் மேசைக்குப் போனான். மேரிசாந்தியும் குருமூர்த்தியும் அங்கேதான் நின்றார்கள்.

"அக்கா, காலமை நான் கதைச்சது பிழை. வேலையால வாற ஆளிட்ட லேட் பீஸ் வாங்கினது அதைவிடப் பிழை. இதைப் பிடியுங்கோ."

மேரிசாந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குருமூர்த்தியைப் பார்த்தார்.

"ஆமா, இனிமே சொல்லிடலாம்" என்றார் அவர்.

"காசை உள்ள வையும் தம்பி. சும்மா தந்தா நீர் வாங்கமாட்டீர். அதுதான் புதன்கிழமைக்கு முதல் ஒருத்தரும் கட்டிறேல்லையெண்டு எழுபது பேரும் கதைச்சு வைச்சு, பாத்துப் பாத்துப் பிந்தி வந்தனாங்கள்."