டைரக்டர் கேட்டார்

"டைரக்டர் உங்க ஆல்பத்தைக் கேட்டாரும்மா. உடனே உங்களை வரச் சொன்னாரு."

வானொலி நிலையத்துப் பியூன் ஸ்டுடியோ வாசலில் நின்றபடி சொன்னார். அறிவிப்பாளர் அவசரமாக எழுந்தாள்.

நேற்று மதியம், பழைய பாட்டு நிகழ்ச்சியின் நடுவே சிடி சிக்கிக்கொண்டது. வேறு வழி தெரியாமல் அதை எடுத்துவிட்டு, கைப்பையில் இருந்த தன் ஆல்பத்தின் சிடியைப் போட்டு நாலாவது பாட்டைத் தட்டிவிட்டாள். பவர் பாப் என்கிற ராக் இசை. கிட்டார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும், பின்னாலேயே மெட்டு சிரித்துக்கொண்டு வரும். எந்தப் பாட்டும் மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. கல்லூரி நாளிலிருந்து, மனசு சோர்ந்தால் அவள் தேடுவது அந்த ஆல்பத்தைத்தான்.

டைரக்டருக்கோ டிரம்ஸ் என்றாலே ஆகாது. நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் சுருதிப்பெட்டி. எப்போதும் ஒரே சுரம். முன்பு இருந்த அறிவிப்பாளர் ஒரு கிட்டார் பாட்டு போட்டதற்காகவே வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று பேச்சு. இவளுடையது தற்காலிக வேலை. நிரந்தரமா, இல்லையா என்று இன்றுதான் அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

பிளேயரைத் திறந்தாள். காலி. மேஜையில் உறை மட்டும் கிடந்தது. நேற்று வட்டை எடுக்க மறந்து போனது நன்றாக ஞாபகம் இருந்தது. மேஜைக்கு அடியில், அலமாரியில், குப்பைக் கூடையில்கூடத் தேடினாள். கேட்டதைக் கொடுக்காவிட்டால், ஒளித்துவிட்டாள் என்றல்லவா ஆகும்?

சார் கோபமாக இருக்கிறாரா என்று பியூனிடம் கேட்டாள். காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தாராம். டீயோடு போய் மூன்று தடவை தட்டியும் காதில் விழவில்லையாம். இப்போதுதான் திறந்து, டீ வேண்டாம் என்றாராம்.

"இருபது வருஷத்துல அவரு டீயை வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததில்லம்மா," என்றார்.

காலி உறையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். டைரக்டர் தலைமுடி காதோரம் இரண்டு பக்கமும் அமுங்கிக் கிடந்தது. கண் சிவந்திருந்தது. அவர் முன்னால் அவளுடைய நியமனத் தாள், கையெழுத்தில்லாமல்.

"அந்த ஆல்பம்…" என்று ஆரம்பித்தார்.

"காணோம் சார். நீங்க கேட்டீங்கன்னு தெரிஞ்சதும் எல்லா இடத்துலயும் தேடிட்டேன். சத்தியமா ஒளிச்சு வைக்கல."

அவர் இழுப்பறையைத் திறந்து வட்டை வெளியே எடுத்தார். உடைக்கத்தான் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதை நான் எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா?"

"பியூன் ஒரு தடவைதான் சொன்னாரு சார். உடனே ஓடி வந்துட்டேன்."

டைரக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் நகர்த்தினார்.

"கொண்டு வான்னு கேக்கலம்மா. காதால கேட்டேன், ஆறு தடவை."