பெயர் எழுத வேண்டாம்

“பேரு எழுத வேணாம்னு படிவத்துலயே போட்டிருந்துச்சு. அப்புறம் எப்படி என்னைக் கூப்பிட்டு அனுப்புறாரு?” வரச்சொல்லி வந்த சீட்டை நீட்டினாள் சீதாலெட்சுமி.

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் உடன் தங்கியிருந்த மார்க்கிரட் கேட்டாள்: “ஊரை எழுதினியா?”

“கேரி தீவுன்னு.”

“முடிஞ்சுது லா! நம்ம யுனிவர்சிட்டிக்கே அங்கேருந்து நீ ஒருத்திதான். அதுக்குப் பேரையே எழுதியிருக்கலாம்.”

‘மாணவர் நலன், 1984’ என்று ஓர் ஆய்வு. முப்பது கேள்விகள், அதற்குக் குறைந்தால் அதை ஆய்வு என்று யாரும் மதிப்பதில்லை. பென்சிலால் நிரப்ப வேண்டும்.

மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பதுண்டா? ‘தினமும்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினேழாவது கேள்வி: யாரைக் கண்டு பயம்?

‘டாக்டர் கனகலிங்கம். எஸ்டேட் இங்கிலீஷ் என்று சொல்லி, என்னைப் பார்த்து வகுப்பையே சிரிக்க வைத்தார்.’

ஆய்வை நடத்துகிறவரே அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஆய்வுத் தாள்ல ஒரே ஒரு நம்பரை அழிச்சு மாத்தினதுக்கு நம்ம சீனியர் பாலனை போன வருஷம் ஃபெயிலாக்கினவருடி. பார்த்துப் பேசு” என்றாள் மார்க்கிரட்.

ஸ்காலர்ஷிப் போனால் தீவுக்குத் திரும்ப வேண்டியதுதான். எஸ்டேட்டில் அம்மாவோடு செம்பனைப் பழம் பொறுக்க வேண்டியதுதான்.

மறுநாள் அவர் மேசைமேல் அவளுடைய படிவம் மட்டும் தனியாகக் கிடந்தது.

“வாரும், இரும். இது உம்முடையதுதானே?”

“சார்… நான் தெரியாம…”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்.”

“ஆமா சார்.”

“நாளைக்கு இதெல்லாம் மேலிடத்துக்குப் போகுது. குறை சொன்னது ஆரெண்டு தேடுற ஆக்கள் அங்க இருக்கினம்.”

இழுப்பறையைத் திறந்தார். ஸ்காலர்ஷிப் நீக்கல் கடிதம்தான் என்று நினைத்தாள்.

வெளியே வந்தது ஒரு ரப்பர்.

“கேரி தீவை அழிச்சுப்போட்டுக் கிள்ளான் எண்டு எழுதும். அங்கயிருந்து நாப்பது பேர் படிக்கினம். ஒருத்தரும் கண்டுபிடிக்கேலாது.”

அவள் ஊரை அழித்தாள். எழுதினாள். கை அப்படியே பதினேழாவது கேள்விக்கு நகர்ந்தது.

வெடுக்கென்று ரப்பரைப் பிடுங்கிக்கொண்டார் கனகலிங்கம்.

“அது நடந்தது, பிள்ளை. அதில கை வச்சீரெண்டால் ஃபெயிலாக்கிப்போடுவன்!”