மரப்பிடிக்குத் தெரிந்தது

எவர்சில்வர் ரிவால்வரின் பழைய ரப்பர் பிடியைக் கழற்றிவிட்டு, ஆசாரி ஈட்டிமரத்தில் புதுப் பிடி இழைத்தார். பிடி உட்காரும் ரிவால்வர் சட்டத்தில் கரி தடவி, அதன்மேல் மரத்தை அழுத்துவார். கறுப்பு ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் ராவுவார். ஒன்பதாவது தடவை, மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் பொருந்தியது.

பளபளக்கும் அந்த உடம்போடு சேர்ந்துவிட்டதில் மரப்பிடிக்குப் புல்லரித்துப் போயிற்று. "அண்ணே, உங்களைப் பார்த்தா மூச்சே நின்னுடுது."

"என் முன்னால வர்ற எல்லாருக்கும் அப்படித்தான்," என்றது ரிவால்வர். "பின்னால நிக்கிற நம்ம முதலாளி ஒருத்தர்தான் பயம்னா என்னன்னே தெரியாதவர்."

மறுநாள் காலை முதலாளி தோட்டத்து மதில்மேல் காலி பால் டப்பா ஒன்றை வைத்துக் குறிபார்த்தார். முதன்முதலாக ஒரு கை தன்னை இறுக்கிப் பிடித்ததும் மரம் திடுக்கிட்டது.

"அண்ணே, முதலாளி கை தொப்பலா நனைஞ்சிருக்கு. வெடவெடன்னு நடுங்குது."

"நடுங்குதா? அந்த ரப்பர் இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலியே!" ரிவால்வரின் குரல் இறங்கியது. "எதிர்ல வெறும் டப்பாதானே இருக்கு. யாரைப் பார்த்து நடுங்குறார்?"

விட்டால் போதும் என்று தவிக்கும் ஐந்து விரல்களையும் மரம் உணர்ந்தது.

"உங்களைத்தான், அண்ணே."