பாதிக் கோலம்

"மார்கழித் தெருவை வரையறீங்க, ஒரு ஆளைக்கூடக் காணோமே?" என்று கல்யாணமான புதிதில் வைஜெயந்தி கேட்டாள்.

"எட்டு மணிக்கு முன்னாடி எனக்குக் கண்ணே திறக்காதும்மா. பார்க்காத ஆளை எப்படி வரையறது?" என்று சிரித்தான் ஓவியன் சிற்சபேசன்.

பத்தொன்பது வருஷமாக அதை நம்பி, மனதில் இருந்த ஆசையைக் கேட்காமலே இருந்தாள்.

இன்று ஈரம் காயாத புதுப்படத்திலும் அதே தெரு, பனி, சாத்திய கதவுகள். அவள் வாசல் வெறுமையாக இருந்தது. எதிர்வீட்டுச் சியாமளாவின் வாசலில் மட்டும் பாதி போட்ட கோலம். பக்கத்தில் பூசணிப்பூ காத்திருந்தது.

முழுக்கோலத்தை எட்டு மணிக்கும் பார்க்கலாம். பாதிக் கோலத்தைப் பார்க்க, சியாமளா குனிந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்திருக்க வேண்டும்.

வைஜெயந்தி கோலமாவுக் கிண்ணத்தை அவன் தூரிகைகளுக்கு நடுவே வைத்தாள்.

"ஒரே ஒரு நாள், நான் கோலம் போடறதையும் எழுந்து வந்து பாருங்க."